யார் முன்னால்? – கணினிக் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே திசையிலிருந்து வந்தவை. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் தேர்வு நெருங்குகிறது போலும். எல்லாருக்கும் சி பிளஸ் பிளஸ் மொழியோடு கூடவே வரும் ஆயத்த நிரல்களின் நூலகத்தில் உள்ள, இரண்டை ஒப்பிட்டுச் சொல்லும் லெஸ், கிரேட்டர் வகையறாவைப் பற்றித்தான் சந்தேகம். நான் 27 ஆண்டுகள் அந்த மொழியில் சோறு தின்றவன். ஆகவே சற்று நீளமாகத்தான் பேசுவேன். அச்சுப்பொறி வாங்குவது பற்றிக் கேட்ட தோ பாயோ வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ‘<’ என்ற குறி கையில் இருக்கும்போது லெஸ் என்று தனியாக ஒன்று எதற்கு? விரிவுரையாளரிடம் கேட்டால் ‘போகப் போகப் புரியும்’ என்கிறார். – மாணவர், உட்லண்ட்ஸ்

போகப் போகப் புரியும் என்று எனக்குச் சொன்னவரும் ஒருவர் இருந்தார். புரிய ஆறு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.

‘<’ குறியை இரண்டு பொருள்களுக்கு நடுவே எழுதலாம். அதை மட்டும் தனியே எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப முடியாது. வரிசைப்படுத்தும் சார்ட் என்ற செயற்கூறை எழுதியவருக்கு உங்கள் மாணவர் பட்டியல் தெரியாது, என் சரக்குப் பெட்டிகளும் தெரியாது. ‘எப்படி அடுக்குவது என்று எனக்குத் தெரியும், எது முன்னால் வர வேண்டும் என்று சொல்ல ஓர் ஆளைக் கொடு’ என்கிறார் அவர். அந்த ஆள்தான் லெஸ். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு சின்னஞ்சிறு பொருள். இரண்டு மதிப்புகளை நீட்டினால் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். செயற்கூறைப் போலவே அழைக்கலாம் என்பதால் செயற்பொருள் என்று பெயர்.

சி மொழியின் கியூசார்ட்டும் இப்படி ஓர் ஆளைக் கேட்கும். ஆனால் செயற்கூறின் முகவரியைத்தான் அது வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அந்த முகவரிக்குப் போய் வர வேண்டும். அலெக்சாண்டர் ஸ்டெபானோவும் மெங் லீயும் அமைத்து, 1994இல் மொழியின் விதிகளான தரத்தை வகுக்கும் தரக்குழு ஏற்றுக்கொண்ட நூலகத்தில் ஒப்பிடும் ஆள் ஒரு தரவு வகையாகவே ஆகிவிட்டது. இன்னார் என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பிக்கு முன்கூட்டியே தெரிவதால், ஒப்பீட்டை அழைக்கும் இடத்திலேயே கரைத்துவிட அதற்கு வழி கிடைக்கிறது. தவிர, மதிப்புகளைப் போட்டு வைக்கும் மேப், செட் போன்ற கொள்கலன்களை அறிவிக்கும்போது கோண அடைப்புக்குள் ஒரு வகையின் பெயர்தான் எழுத முடியும். குறியை அங்கே எழுதினால் தொகுப்பி திட்டும்.

1998ஆம் ஆண்டுத் தரத்திலிருந்தே இவர்கள் ஆறு பேர்: சமமா, சமமில்லையா, சிறிதா, பெரிதா, சிறிதோ சமமோ, பெரிதோ சமமோ என்று ஆளுக்கொரு கேள்வி. வரிசைப்படுத்தும் வேலைக்கு இவர்களில் சிறிதா, பெரிதா என்று கேட்கும் இருவரை மட்டும் கூப்பிடுங்கள். காரணம் இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

இன்னொன்று. லெஸ் என்பதைச் ‘சிறியது’ என்று மனத்துக்குள் மொழிபெயர்க்காதீர்கள். ‘இது அதற்கு முன்னால் வருமா?’ என்று படியுங்கள்.

கேள்வி: பிரயாரிட்டி கியூ என்ற முன்னுரிமை வரிசையில் லெஸ் கொடுத்தால் பெரிய எண் முதலில் வெளியே வருகிறது. கிரேட்டர் கொடுத்தால் சிறியது வருகிறது. நூலகத்தில் பிழையா? – வாசகர், புக்கிட் பாத்தோக்

பிழை இல்லை ஐயா. ஆனால் எரிச்சல் நியாயமானது. என்னோடு வேலை செய்தவர்களில் இதில் ஒருமுறையாவது வழுக்காதவர் யாரும் இல்லை.

அந்த வரிசையின் தலையில் நிற்பவர், உங்கள் ஒப்பீட்டின்படி எல்லாருக்கும் கடைசியில் வரக்கூடியவர். லெஸ் என்றால் சிறியவை முன்னால், பெரியது கடைசியில். எனவே பெரியது தலையில் நிற்கும். பலதுறை மருந்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள வரிசை எண்ணின்படி கூப்பிட வேண்டுமென்றால் சிறிய எண் முதலில் வெளியே வர வேண்டும், அதற்குக் கிரேட்டர். வயதில் மூத்தவரை முதலில் கூப்பிடுவோம் என்றால் லெஸ் போதும், அதுவும் தானாகவே இருக்கும். குறுகிய வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக் கணக்கில் உங்கள் விடை தாறுமாறாக வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

கேள்வி: நான் எழுதிய ஒப்பீட்டில் ‘<’ க்குப் பதில் ‘<=’ இருக்கிறது. பத்துப் பதினைந்து எண்களில் சோதித்தேன், ஒழுங்காகவே வரிசையாகிறது. நண்பன் மட்டும் ‘தப்பு, தப்பு’ என்று குதிக்கிறான். யார் சொல்வது சரி? – மாணவி, செங்காங்

நண்பனுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள் அம்மா. எனக்கு அப்படியொரு நண்பன் வாய்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

இருபது ஆண்டுகள் இருக்கும். பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு சிறு நிறுவனத்தில், கப்பலில் எந்தச் சரக்குப் பெட்டியை எங்கே வைப்பது என்று திட்டம் போட்டுத் தரும் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். எடை மிகுந்த பெட்டி அடியில், இலேசானது மேலே. ஆகவே எடையின்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். எடை சமமாக இருந்தால் எது முன்னால் வந்தால்தான் என்ன என்ற மிதப்பில் ‘>=’ என்று எழுதிவிட்டேன். உங்கள் ‘<=’ க்கு அண்ணன். பன்னிரண்டு பெட்டிகளை வைத்துச் சோதித்தேன். அழகாக அடுக்கியது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மழை கொட்டிய ஒரு டிசம்பர் இரவு, இரண்டு மணிக்குத் தொலைபேசி. ஒரு கப்பலுக்கு மட்டும் நிரல் திறந்ததும் செத்துவிழுகிறது. மற்றக் கப்பல்களுக்கு ஒன்றும் இல்லை. ஈசூனிலிருந்து டாக்சி பிடித்துப் போனேன். விடிய விடிய நினைவகத்தைத் துழாவினேன். ஏழு மணிக்குத்தான் அந்தக் கப்பலின் சரக்குப் பட்டியலைக் கண்ணால் பார்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் காலிப் பெட்டிகள். எல்லாம் 20 அடி, எல்லாவற்றுக்கும் எடை 2,200 கிலோ என்று ஒரே எண்.

நடந்தது இதுதான். சார்ட் ஒரு பெட்டியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக ‘நீ இதற்கு முன்னால் வருவாயா?’ என்று கேட்டபடி நகரும். ‘இல்லை’ என்ற பதில் வந்த இடத்தில் நிற்கும். பட்டியலின் எல்லையைத் தாண்டுகிறோமா என்று பார்த்துக்கொள்ளாது. அப்படி ஒவ்வொரு அடியிலும் பார்த்தால் வேகம் குறையும். அளவுகோலுக்குச் சமமானதோ பிந்தியதோ ஒன்று வழியில் நின்று ‘இல்லை’ சொல்லித் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. என் ‘>=’ சமமான பெட்டிகளிடமிருந்தும் ‘ஆம்’ என்றே பதில் வாங்கித் தந்தது. முந்நூறு பெட்டியும் ஆம் ஆம் என்று தலையாட்ட, நிரல் பட்டியலைக் கடந்து யாருடைய நினைவகத்திலோ கால் வைத்தது.

அப்படியானால் பன்னிரண்டு பெட்டியில் எப்படித் தப்பித்தது? ஜிசிசி தொகுப்பியோடு வரும் நூலகத்தில் 16 உருப்படிகள் வரை இந்தப் பிரித்தல் வேலையே நடக்காது, செருகி அடுக்கும் எளிய முறைதான். உங்கள் பத்துப் பதினைந்து எண்களும் அந்த நிழலில்தான் பிழைத்திருக்கின்றன. ஒரே எண்ணை நூறு முறை போட்டுச் சோதித்துப் பாருங்கள். நொறுங்கலாம், நொறுங்காமலும் போகலாம். விதியை மீறிய ஒப்பீட்டுக்கு என்ன நடக்கும் என்று தரம் எந்த உறுதியும் தருவதில்லை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் பிழைதிருத்த நிலையில் ஓடும்போது ‘ஒப்பீடு செல்லாது’ என்ற பொருளில் திரையில் ஒரு செய்திப் பெட்டியைக் காட்டி நிறுத்திவிடும். அந்த எச்சரிக்கை ஒரு கொடை. எரிச்சலில் மூடிவிடாதீர்கள்.

எனவே, சமமாக இருந்தால் பதில் ‘இல்லை’. யாரும் தனக்குத்தானே முன்னால் வர முடியாது. நான் உனக்கு முன்னால் என்றால் நீ எனக்கு முன்னால் இல்லை. முதலாமவர் இரண்டாமவருக்கு முன்னால், இரண்டாமவர் மூன்றாமவருக்கு முன்னால் என்றால் முதலாமவர் மூன்றாமவருக்கும் முன்னால்தான். இவை மூன்றும் யாருக்கும் சொல்லாமலே புரியும். நான்காவதாக ஒன்று இருக்கிறது. ஆளைக் கவிழ்ப்பது அதுதான். சமம் என்பதும் கைமாற வேண்டும். ‘100 கிலோ வித்தியாசம் வரை சமம் என்று வைத்துக்கொள்வோம்’ என்று ஒருவர் என்னிடம் யோசனை சொன்னார். 2,200க்கும் 2,280க்கும் சமம், 2,280க்கும் 2,360க்கும் சமம், ஆனால் 2,200க்கும் 2,360க்கும் சமமில்லை. இந்த மூன்று பெட்டிகளை எந்த வரிசையில் நிறுத்துவது? கணினிக்கும் அதே குழப்பம்தான். 100 கிலோவுக்கு ஒரு படி என்று முதலிலேயே முழுமையாக்கிவிட்டுப் பிறகு ஒப்பிட்டால் தொல்லை இல்லை.

கேள்வி: தசம எண்களை வரிசைப்படுத்தும்போது சில நேரம் பட்டியல் பாதி மட்டும் வரிசையாகி நிற்கிறது. – வாசகர், ஜூரோங்

உள்ளே எங்கோ ‘எண் அல்ல’ என்ற மதிப்பு, ஆங்கிலச் சுருக்கத்தில் NaN, புகுந்திருக்கிறது. சுழியைச் சுழியால் வகுத்தால் கிடைக்குமே, அது. அது எதற்கும் முன்னால் வராது, எதற்கும் பின்னாலும் வராது. ஆகவே எல்லா எண்ணுக்கும் சமமானதுபோல் நடிக்கும். மேலே சொன்ன நான்காவது விதி உடைந்தது. முதலில் அவற்றை வடிகட்டி ஒதுக்குங்கள், பிறகு அடுக்குங்கள்.

கேள்வி: எங்கள் வட்டாரக் கோயிலின் தைப்பூசத் தொண்டூழியர் பட்டியலைத் தமிழில் அகரவரிசைப்படுத்த என் மகன் ஒரு நிரல் எழுதித் தந்தான். இரண்டு குறை. கனகா அக்கா கமலா அக்காவுக்கு முன்னால் வருகிறார். அதைவிட மோசம், 214 பேர் கொடுத்தால் 197 பேர்தான் வருகிறார்கள். விடுபட்டவர்கள் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள். – வாசகி, பொங்கோல்

இந்த மாதத்தின் சிறந்த கடிதம் உங்களுடையதுதான் அம்மா. முதலில் காணாமற்போன பதினேழு பேர்.

மகன் செட் என்ற கொள்கலனில் பெயர்களைப் போட்டிருப்பார், ஒப்பீட்டில் பெயரை மட்டும் பார்த்திருப்பார். செட்டுக்கு ‘இருவரும் ஒருவரா’ என்று தனியாகக் கேட்கத் தெரியாது. ‘இவர் அவருக்கு முன்னால் வருவாரா?’ இல்லை. ‘அவர் இவருக்கு முன்னால்?’ இல்லை. சரி, அப்படியானால் இருவரும் ஒரே ஆள் என்று முடிவுகட்டி, இரண்டாவதாக வந்தவரைச் சத்தமில்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். சிங்கப்பூரில் குமார்களுக்குப் பஞ்சமா? முதல் குமார் உள்ளே, மற்றக் குமார்கள் வெளியே. பெயர் ஒன்றாக இருந்தால் தந்தை பெயர், அதுவும் ஒன்றாக இருந்தால் பதிவு எண் என்று ஒப்பீட்டை நீட்டச் சொல்லுங்கள்.

நீட்டும்போது ‘பெயர் முன்னால் வருகிறதா, அல்லது தந்தை பெயர் முன்னால் வருகிறதா’ என்று எழுதிவிடக் கூடாது. அப்படி எழுதினால் குமார் மகன் ராமனும் ராமன் மகன் குமாரும் ஒருவருக்கொருவர் முன்னால் நிற்பார்கள். பெயர் சமமாக இருந்தால் மட்டுமே அடுத்ததைப் பார்க்க வேண்டும். 2011 தரத்திலிருந்து இதற்கு டை என்ற வசதி இருக்கிறது. மூன்றையும் முடிச்சுப் போட்டு ‘<’ வைத்தால் ஒழுங்காக வரும்.

இனி கனகா, கமலா. மகன் மேல் குற்றமில்லை. நூலகத்தில் எழுத்துகளைக் கோத்து வைக்கும் சரத்துக்குத் தமிழ் தெரியாது, பைட் மட்டுமே தெரியும். யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8இல் பைட் வரிசையும் யூனிகோடு எண் வரிசையும் ஒன்றுதான். யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகள் ஐஎஸ்சிஐஐ என்ற இந்தியத் தரத்தின் அமைப்பைப் பின்பற்றியவை. தேவநாகரிக்கு நேராகவே தமிழெழுத்துகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அதனால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ என்று உட்கார்ந்திருக்கின்றன. நாம் பள்ளியில் படித்ததோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அகரம் முதல் னகரம் ஈறாக என்று தொல்காப்பியமே தொடங்குகிறது. கடைசியில் நிற்க வேண்டிய ன, யூனிகோடில் ப-வுக்கும் ம-வுக்கும் முன்னால் வந்துவிட்டது. ஆகவேதான் கனகா அக்காவுக்கு முதல் மரியாதை.

புள்ளியிலும் சிக்கல் உண்டு. நம் அகராதிகளில் க் முதலில், பிறகு க, கா. யூனிகோடில் புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளையும்விடப் பெரிய எண். ஆகவே வள்ளி வளர்மதிக்குப் பின்னால் போய்விடுவார். பட்டியலைப் பாருங்கள், போயிருப்பார்.

செயற்பொருளின் அருமை இங்கேதான் தெரியும். லெஸ் வெறும் கையோடு நிற்பது. ஆனால் நாமே எழுதும் ஒப்பீட்டுப் பொருள் கையில் ஒரு அட்டவணையை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வரிசை எண், புள்ளிக்குச் சுழி, அகரத்துக்கு ஒன்று, ஆகாரத்துக்கு இரண்டு என்று போட்டு, ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் கடைசியில் தள்ளினால் போதும். ஒரு மாலை வேலை. மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சார்ட் இந்தப் பொருளை உள்ளுக்குள் நகலெடுத்துக்கொண்டே இருக்கலாம். அட்டவணை வெளியே இருக்கட்டும், பொருளுக்குள் அதன் முகவரியைச் சொல்லும் சுட்டி மட்டும் இருக்கட்டும். இவ்வளவு மெனக்கெட விருப்பமில்லை என்றால் ஐசியு என்ற நூலகத்தில் தமிழுக்கான வரிசை விதி ஆயத்தமாக இருக்கிறது. பலருக்குத் தெரியாத செய்தி, மொழி, வட்டார வழக்குகளைச் சுமக்கும் சி பிளஸ் பிளஸின் லொகேல் என்ற பொருளையே சார்ட்டின் கையில் ஒப்பீடாகக் கொடுக்கலாம். ஆனால் கணினியில் தமிழ் அமைப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும், அதன் விதியும் சரியாக இருக்க வேண்டும். நான் அட்டவணைக் கட்சி.

அடுக்குவதற்கு முன் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ‘கொ’ என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம், ஒரே குறியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு கொற்றவைகள்.

கேள்வி: மேப்பில் தேடுவதற்கான சாவி சரமாக இருந்தால் ‘லெஸ்’ஸின் கோண அடைப்பை வெறுமையாக விடச் சொல்கிறார்கள். என்ன வேறுபாடு? – மென்பொருள் பொறியாளர், ஒன்-நார்த்

2014 தரத்தில் வந்த வசதி. அடைப்புக்குள் வகையைக் குறிப்பிட்டால், தேடும் சொல்லை முதலில் அந்த வகையாக மாற்றிய பிறகே ஒப்பிடும். மேற்கோளுக்குள் ‘மீனாட்சி’ என்று எழுதித் தேடினால் ஒரு தற்காலிகச் சரம் பிறந்து, தேடல் முடிந்ததும் மடியும். குறுஞ்சரமென்றால் தனியே நினைவகம் கேட்காது, செலவு குறைவு என்பார்கள். ஜிசிசி நூலகத்தில் 15 பைட் வரைதான் அந்தச் சலுகை. மீனாட்சியோ யூடிஎஃப்-8இல் 24 பைட். தமிழ்ப் பெயருக்கு அநேகமாக ஒவ்வொரு முறையும் நினைவகம் கேட்டு ஓட வேண்டியதுதான். வெற்று அடைப்பு போட்டால் இருப்பதை இருந்தபடியே ஒப்பிடும், தற்காலிகச் சரம் வேண்டாம்.

ஒரு கண்ணியும் உண்டு. கழித்தல் குறியை ஏற்கும் (குறியுள்ள) வகையில் -1ஐயும் ஏற்காத (குறியற்ற) வகையில் 1ஐயும் வெற்று அடைப்பு லெஸ்ஸிடம் கொடுத்தால் -1 முன்னால் வராது என்று சொல்லும். குறியற்ற எண்ணாக மாறும்போது -1 மிகப் பெரிய எண்ணாகிவிடுகிறது. முழு எண்களைக் கலந்து ஒப்பிட 2020 தரத்தில் கம்ப் லெஸ் என்று தனியாக ஒரு செயற்கூறு வந்திருக்கிறது.

கேள்வி: லாம்ப்டா வந்துவிட்ட பிறகும் இந்தப் பழைய பொருள்கள் எதற்கு? – மாணவர், தெம்பனிஸ்

இறங்குவரிசை வேண்டும் என்பதற்கு ஒரு லாம்ப்டா, அதாவது அந்த இடத்திலேயே பெயரில்லாமல் எழுதும் செயற்கூறு, எழுதினால், குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த மாறி எந்தப் பக்கம் என்று படிப்பவர் உற்றுப் பார்க்க வேண்டும். கிரேட்டர் என்ற ஒரு சொல்லில் அது முடிந்துபோகிறது. இன்னொரு காரணம் சுட்டிகள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சுட்டிகளை வெறும் ‘<’ குறியால் ஒப்பிட்டால் ஒழுங்கான வரிசை கிடைக்கும் என்று மொழி உறுதி தராது. லெஸ் தரும்.

ஒப்பீட்டுப் பொருளை, பைனரி ஃபங்ஷன் என்ற பழைய அடிப்படை வகையிலிருந்து வழிவந்ததாக எழுத வேண்டுமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதை 2017 தரத்தில் எடுத்துவிட்டார்கள். உங்கள் பாடநூலில் இன்னும் இருக்கிறது என்றால் புத்தகங்கள் உள்ள நூலகத்தில் அதன் புதிய பதிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.